கட்டையில் காளான், இலையில் வண்டு: இரண்டும் தின்பதில் எங்கே வித்தியாசம்?

தலவாக்கலைப் பக்கம் இருக்கும் என் தங்கச்சியின் மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். போன கிழமை ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள்: "மாமா, லயத்துக்குப் பின்னால வெட்டிப் போட்ட சவுக்குக் கட்டையில தட்டுத் தட்டா காளான் வந்திருக்கு. பக்கத்துல அம்மா போட்ட தக்காளியில ஒரு வண்டு இலையெல்லாம் சல்லடையாக்குது. ரெண்டுமே பிறபோசணி, தானே சாப்பாடு செஞ்சுக்காதது. ரெண்டுமே மரஞ்செடியத்தான் தின்னுது. அப்போ ஒப்பிடச் சொன்னா என்னத்த எழுதுறது? அந்தக் கட்டைய அடுப்புக்கு எடுக்கலாமான்னும் அம்மா கேக்குறாங்க."

மகள், பரீட்சைக்கு வேண்டிய விடை இரண்டே வரிதான். காளான் அழுகல்வளரிப் போசணை, அதாவது செத்ததை உக்க வைத்து உறிஞ்சுவது. வண்டு விலங்குமுறைப் போசணை, அதாவது விழுங்கி உள்ளே சமிப்பது. நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனால் அந்த அட்டவணையில் ஏழெட்டு வித்தியாசங்கள் தனித்தனியாக நிற்கும், ஒன்றுக்கும் மற்றதுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல. அவற்றில் முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்து வருகின்றன. வண்டு சாப்பாட்டைத் தன் உடம்புக்குள் போடுகிறது. காளான் தன் உடம்பைச் சாப்பாட்டுக்குள் போடுகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதை நீயே எழுதிவிடுவாய்.

முதலில் அந்த வண்டு. நீ அனுப்பிய படத்தில் இருப்பது எபிலக்னா. மங்கிய செம்மஞ்சள் முதுகு, அதில் கறுப்புப் புள்ளி. எண்ணிப் பார், பெரும்பாலும் 28 வரும். அதன் விஞ்ஞானப் பெயரிலேயே இந்த இருபத்தெட்டு இருக்கிறது. தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு, பாகல் எல்லாவற்றிலும் ஏறும். வெலிமடை, நுவரெலியாப் பக்கம் கிழங்கு போடுகிறவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், செடியின் சாற்றை உறிஞ்சும் அழுக்கணவனைத் தின்று நமக்கு உதவி செய்யும் புள்ளி வண்டுகளும் இதே குடும்பம்தான். குடும்பத்தில் பெரும்பாலானவை வேட்டைக்காரர்கள். இந்த ஒரு கிளை இலைக்கு மாறிவிட்டது. தெரியாமல் நல்லதை நசுக்கிவிட்டுக் கெட்டதை விட்டுவைப்பவர்கள் நிறையப் பேர். முதுகைப் பார்த்தால் பிடிபடும்: வேட்டையாடும் புள்ளி வண்டுகளின் முதுகு பெரும்பாலும் மெழுகு தேய்த்ததுபோல் மினுங்கும். எபிலக்னாவின் முதுகில் மெல்லிய மயிர் இருப்பதால் மினுக்கம் இல்லை.

இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் மஞ்சள் நிறத்தில், நிமிர்த்தி நட்டு வைத்ததுபோல், முட்டைகள் கூட்டமாக இருக்கும். அதிலிருந்து வரும் குடம்பியும் மஞ்சள்தான், உடம்பெல்லாம் கிளை விட்ட முட்கள். தாயும் பிள்ளையும் ஒரே இலையைத்தான் தின்னும். ஆனால் இலையை வெட்டி விழுங்குவதில்லை. நரம்புக்கு நடுவில் இருக்கும் பச்சைச் சதையைச் சுரண்டிச் சுரண்டி எடுத்துவிட்டு மேல்தோலையும் நரம்பையும் விட்டுவிடும். அதனால்தான் ஏணிப்படிபோல் வரிவரியாகத் தெரிகிறது. நாலு நாளில் அந்த மெல்லிய தோலும் காய்ந்து உதிர்ந்து, நீ சொன்ன சல்லடை ஆகிவிடுகிறது. சுரண்டியது வாய்வழி போய், குடலில் சாப்பாட்டை உடைக்கும் நொதியம் பட்டு, தேவையானது உடம்பில் சேர்ந்து, மிச்சம் எச்சமாக வெளியே வரும். நமக்கு நடப்பதுதான்.

இப்போது கட்டைக்கு வா. அதற்கு முன் பெயரில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மலையில் நாம் சவுக்கு என்று சொல்வது கிரவிலியா. தேயிலைக்கு நிழலுக்கென்று அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம். யாழ்ப்பாணத்தில் சவுக்கு என்றால் கடற்கரையில் நிற்கும் வேறு மரம். விடைத்தாளில் கிரவிலியா என்றே எழுது.

கட்டையில் தட்டாக நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது காளானின் உடம்பு இல்லை, அதன் காய் என்று சொல்லலாம். வித்தி, அதாவது விதைபோன்ற நுண்ணிய தூள், பரப்புவதற்காக மட்டும் வெளியே வருவது. உடம்பு முழுக்கக் கட்டைக்குள் இருக்கிறது: தலைமுடியின் தடிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இழைகள், மர நாருக்குள் நூல்போல் ஓடிக்கொண்டிருக்கும். இழையின் நுனியிலிருந்து நொதியம் வெளியே கசியும். மரம் இழைக்கு வெளியிலேயே கரைந்து சீனியாக உடையும். அந்தக் கரைசலை இழை உறிஞ்சும். வாயும் கிடையாது, குடலும் கிடையாது. அந்தக் கட்டைதான் அதற்குக் குடல். அம்மா தட்டைப் பிடுங்கி எறிந்தாலும் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். மாங்காயைப் பறித்தால் மாமரம் சாகுமா?

வெளியில் வைத்துச் சமிக்கிறவனுக்கு ஒரு கவலை உண்டு. கரைத்ததைப் பக்கத்தில் இருக்கிறவன் உறிஞ்சிவிடலாம். அதனால் ஒரே கட்டைக்குள் வேறு வேறு காளான்கள் எல்லை போட்டுச் சண்டை பிடிக்கும். விறகு பிளக்கும்போது உள்ளே மையால் கீறியதுபோல் கறுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடுவதைப் பார்த்திருப்பாய். பெரும்பாலும் அவை இரண்டு காளான்கள் மோதிக்கொண்ட எல்லைக் கோடுகள்தான். வண்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. விழுங்கியதை யாரும் பிடுங்க முடியாது.

அப்புறம் சாப்பாட்டின் தரம். இதைப் பாடப்புத்தகம் அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. காய்ந்த இலையின் நிறையில் நைதரசன் 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். மரத்தில் பெரும்பாலும் 0.1, 0.2 சதவீதம்தான். உடம்பு வளர்வதற்குப் புரதம் வேண்டும், புரதத்துக்கு நைதரசன் வேண்டும். ஆக வண்டு உட்கார்ந்திருப்பது பருப்புச் சட்டிக்குப் பக்கத்தில். காளானுக்குக் கிடைத்திருப்பது வைக்கோல் போர். அதனால்தான் எபிலக்னா, வெப்பமான இடத்தில் என்றால், ஒரு மாதத்துக்குள் முட்டையிலிருந்து வண்டாகிவிடுகிறது, நம் பக்கத்துக் குளிரில் இன்னும் கொஞ்சம் இழுக்கும். அந்தக் கட்டையை முழுவதும் உக்க வைக்கக் காளானுக்கு வருடக்கணக்கு ஆகும்.

சிப்பிக் காளான் வளர்க்கிறவர்களைக் கேட்டுப் பார். மரத்தூளைப் பையில் அடைக்கும்போது பத்துக்கு ஒரு பங்கு அளவில் தவிடும் சேர்ப்பார்கள். வெறும் தூளில் நைதரசன் போதாது, அதுதான் காரணம். தவிடு போட ஆளில்லாத காட்டில் அதே சிப்பிக் காளான் என்ன செய்யும் தெரியுமா? மரத்துக்குள் நெளியும் கண்ணுக்குத் தெரியாத வட்டப்புழுக்களைத் தன் நஞ்சால் முடக்கிவிட்டு, அவற்றின் உடம்புக்குள் இழையை விட்டுத் தின்னும். அழுகல்வளரி என்று எழுதிக் கோடு போட்டு முடித்த உயிர், ஆள் பார்க்காதபோது வேட்டையும் ஆடுகிறது. பரீட்சையில் இதை எழுதாதே, திருத்துகிறவர் குழம்பிப் போவார்.

மரம் சத்துக் குறைந்தது மட்டுமில்லை, உடைப்பதும் கஷ்டம். அதன் நிறையில் ஏறக்குறைய கால்பங்கு இலிக்னின். செலுலோசு இழைகளைச் சீமெந்துபோல் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கும் பொருள் அது. அதை முழுதாக உடைக்கத் தெரிந்த உயிர்கள் உலகத்தில் மிகக் குறைவு, அவற்றில் முதலிடம் வெள்ளை உக்கல் காளான்களுக்கு. அவை இலிக்னினையும் எரித்துத் தள்ளுவதால் மிச்சம் வெளிறிப் போய், நார் நாராக, ஈரப் பஞ்சுபோல் கையோடு வரும். உன் கட்டை அப்படித்தான் இருக்கிறது. இன்னொரு வகை பழுப்பு உக்கல். பைனஸ் மரக் கட்டைகளில் இதைப் பார்க்கலாம்: செங்கல் நிறத்தில், கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் மாவாகும். இந்தக் காளான்கள் இலிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிட்டுச் செலுலோசை மட்டும் உருவி எடுக்கின்றன. நொதிய மூலக்கூறு மரச் சுவருக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. அதனால் இரும்பையும் ஐதரசன் பரவொட்சைட்டையும் சேர்த்து, எதையும் கடித்துக் குதறும் ஐதரொட்சில் மூலிகங்களை உண்டாக்கி முன்னால் அனுப்பிச் சுவரைத் தளர்த்திக்கொள்கின்றன. கண்ணில் படாத ஒரு நூல் செய்கிற வேலை இது.

வண்டு இந்த வம்புக்கெல்லாம் போவதில்லை. இலையில் சுலபமாகக் கிடைக்கும் சாற்றையும் புரதத்தையும் எடுத்துக்கொண்டு, கஷ்டமானதை எச்சத்தோடு தள்ளிவிடும். அதற்கு வேறு தலைவலி: இலை உயிரோடு இருக்கிறது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நஞ்சு வைத்திருக்கிறது. கிழங்குச் செடியிலும் தக்காளியிலும் கசக்கும் அல்கலொயிட்டுகள், பூசணி வகையில் வேறொரு கசப்பு. பூசணியைத் தின்னும் செம்மஞ்சள் வண்டு ஒன்று இருக்கிறது, தோட்டத்தில் பார்த்திருப்பாய். அது தின்னத் தொடங்குமுன் இலையில் வட்டமாக ஒரு கோடு கடித்துவிடும். அந்த வட்டத்துக்குள் கசப்பு வந்து சேர வழி அடைபட்டுவிடும். பிறகு ஆறுதலாக உள்ளே இருந்து சாப்பிடும். நீ சொல்லும் சல்லடைக்குப் பதில் இலையில் வட்ட ஓட்டைகள் இருந்தால் இந்த ஆளைத் தேடு.

இந்தப் பூசணி வண்டின் கூட்டத்தைப் பற்றி இன்னொரு செய்தி. இலைவண்டுகள், கூன்வண்டுகள் எல்லாம் சேர்ந்த அந்தப் பெரிய கிளை, தாவரச் சுவரில் உள்ள பெக்ரினை உடைக்கத் தானே நொதியம் செய்துகொள்கிறது. அந்த மரபணு அவற்றின் முன்னோருக்குப் பரம்பரையாக வந்ததில்லை. எப்போதோ ஒரு பங்கசிடமிருந்து (காளானும் பங்கசு இனம்தான்) தாவி வந்து ஒட்டிக்கொண்டது. நீ கோடு போட்டு எதிரெதிரே நிறுத்தச் சொல்லும் இரண்டு பேரில் ஒருவர் மற்றவரின் கத்தியைக் கடன் வாங்கித்தான் சாப்பிடுகிறார்.

ஒற்றுமை கேட்டால் 'பிறபோசணி' என்பதோடு நிறுத்தாதே. காளான் இழையின் சுவர் கைற்றின் என்ற உறுதியான பொருள். வண்டின் ஓடும் கைற்றின். மிச்சச் சீனியை இரண்டுமே கிளைக்கோசனாகத்தான் சேமிக்கும், தாவரம்போல் மாப்பொருளாக இல்லை. பரம்பரையில் பார்த்தாலும் காளானுக்குத் தக்காளிச் செடியைவிட வண்டுதான் நெருங்கிய சொந்தம். சந்தையில் மரக்கறியோடு சேர்த்து விற்பதால் நமக்கு அது மறந்துபோகிறது.

நகர்வு, அளவு, இனப்பெருக்கம் இதெல்லாம் நான் முதலில் சொன்னதிலிருந்தே வரும். வண்டுக்குச் சாப்பாடு முடிந்தால் அடுத்த இலைக்குப் போக வேண்டும், அதனால் காலும் இறக்கையும் கண்ணும் வேண்டும். தாய் தேடிப் போய்ச் சரியான இலையில் முட்டையிடும், சில நூறு முட்டை போதும். காளானால் எழுந்து போக முடியாது. காற்றில் வித்தியை விட்டு அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டும், அதனால் கணக்கில்லாமல் விடும். பெரிய தட்டுக் காளான் வகை ஒன்று பருவத்தில் நாளொன்றுக்கு 3000 கோடி வித்திகள் வரை விடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உடம்பைச் சாப்பாட்டுக்குள் பரப்புகிறவனுக்கு அளவு என்றும் ஒன்று கிடையாது. அமெரிக்காவின் ஒரிகன் காட்டில் வேரை அழிக்கும் ஒரே ஒரு காளான் சுமார் 965 ஹெக்டேர் பரந்திருக்கிறது. நம் பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றைவிட அது பெரிது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு எச்சரிக்கை. காளான் என்றால் மரம், வண்டு என்றால் இலை என்று மனதில் பதித்துவிடாதே. நம் மலையின் கதையே அதற்குத் தலைகீழ். 1869ஆம் ஆண்டு மடூல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூளாக வந்தது ஒரு பங்கசு. அது உயிருள்ள இலையைத் தின்கிற வகை. இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் ஒழிந்து தேயிலை வந்தது அதனால்தான். தேயிலைக் கொழுந்தைக் கொப்புளமாக்கும் நோயும் இலைப் பங்கசுதான். இங்கே வந்தது 1946இல். அதே தேயிலையின் தண்டில் ஊசி குத்தியதுபோல் துளை போடுவதோ ஒரு வண்டு. 2 மில்லிமீற்றர் சொச்சம் நீளம், கறுப்பு. இடைநிலத் தோட்டங்களில் அதிகம், உங்கள் உயரத்துக்குமேல் போகப் போகக் குறையும்.

இந்தத் துளை வண்டை நீ உன் அட்டவணையில் எந்தப் பக்கம் போடுவாய்? அது மரத்தைத் துளைக்கிறது, ஆனால் மரத்தைத் தின்பதில்லை. பெண் வண்டு வாய்க்குள் இருக்கும் ஒரு பையில் பங்கசின் வித்தியைக் கொண்டுவந்து துளையின் சுவரில் விதைக்கும். அது மரச் சாற்றில் வளரும். தாயும் குடம்பிகளும் அந்தப் பங்கசைத் தின்று வளரும். மரத்துக்குள் உடம்பை விடத் தெரிந்தவனை வேலைக்கு வைத்துக்கொண்டு, சாப்பாட்டை வாயில் போடத் தெரிந்தவன் விவசாயம் செய்கிறான். நமக்கு நஷ்டம் என்னவென்றால் துளை விழுந்த கிளை கொழுந்து எடுக்கும்போது படக்கென்று முறியும், அந்தக் காயத்தில் உக்கல் பங்கசு ஏறும்.

காயம் என்றதும் கவ்வாத்து ஞாபகம் வருகிறது. என் அப்பா கவ்வாத்து வெட்டியவர். வெட்டு சாய்வாக, வழுவழுப்பாக இருக்க வேண்டும், தண்ணீர் தங்கக்கூடாது என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. உயிருள்ள மரத்தின் ஈரமான புறப்பகுதியில் ஒட்சிசன் குறைவு, எதிர்ப்பும் உண்டு. காளானால் சுலபமாக நுழைய முடியாது. சிதைந்த வெட்டும் வெயிலில் கருகிய பட்டையும்தான் அதற்குக் கதவு. அங்கே நுழைந்தால் தண்டின் நடுவழியாக வேர்வரை இறங்கும். செடி மேலே பச்சையாக நிற்கும், உள்ளே கூடு. வண்டு தின்ற இலை அன்றைக்கே கண்ணில் படும், மூன்று கிழமையில் புதுத் துளிரும் வரும். காளான் தின்றது தெரியவரும்போது செடியே போயிருக்கும்.

இங்கே உன் கட்டைக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. வெட்டிப் போட்ட கட்டை லயத்துக்குப் பின்னால் உக்கினால் யாருக்கும் கெடுதல் இல்லை, மண்ணுக்கு நல்லது. தேயிலைக்கு நடுவில் விட்ட சவுக்கு அடிக்கட்டை வேறு கதை. அதில் வளரும் கரிவேர் நோய்ப் பங்கசு வேர்வழியாக நடந்து பக்கத்துத் தேயிலையைக் கொல்லும். 1905இலிருந்து பேராதனையில் பங்கசு ஆராய்ச்சியாளராக இருந்து, பிறகு தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் பணிப்பாளரான தோமஸ் பெட்ச் இதைப் பற்றியெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். செத்ததை மட்டும் தின்பது, உயிருள்ளதைக் கொன்று தின்பது என்ற கோட்டைப் பங்கசுகள் அவ்வளவாக மதிப்பதில்லை.

மருந்தும் எதிரியும்கூட உள்ளே, வெளியே என்பதைப் பொறுத்ததுதான். எபிலக்னா வெளியில் உட்கார்ந்து தின்கிறது. பறவை, குளவி, உன் அம்மாவின் விரல் எல்லாம் அதைத் தொடலாம். காலையில் வண்டு மந்தமாக இருக்கும்போது இலையைத் திருப்பி முட்டைக் கூட்டத்தையும் குடம்பியையும் நசுக்கினாலே நாலு வரித் தக்காளிக்குப் போதும், மருந்து வேண்டாம். மருந்து அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மலையிலேயே பாடம் இருக்கிறது. தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் அந்துப்பூச்சிப் புழு ஒன்றைக் கட்டுப்படுத்த 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், புழு அடங்கியது. பிறகு தண்டுக்குள் இருக்கும் துளை வண்டுக்கென்று டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். வெளியில் பறந்த குளவி செத்தது, இலைப் புழு திரும்பப் பெருகியது.

காளானுக்கு மருந்து தேட வேண்டாம், ஈரத்தைப் பார். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் உக்கல் காளான் வளராது. லயத்துக் கூரையில் ஒழுகும் இடத்தில் மட்டும் கைமரம் இற்றுப்போய், பக்கத்து மரம் ஐம்பது வருடமாக அப்படியே நிற்பது இதனால்தான்.

அடுப்புக் கேள்வி. எரிக்கலாம், நஞ்சு ஒன்றும் இல்லை. ஆனால் பலன் குறைவு. அந்த மரத்தில் இருந்த காபனை ஒட்சிசனோடு சேர்த்துக் காபனீரொட்சைட்டாக்கும் வேலையைத்தான் காளானும் இத்தனை நாள் செய்திருக்கிறது, அடுப்பு செய்வதையே ஆறுதலாக. பஞ்சான பக்கத்தைத் தூக்கிப் பார்த்தால் கை கனமே தெரியாது. ஈரமும் இழுத்து வைத்திருக்கும், புகைதான் வரும். தட்டினால் கணீரென்று கேட்கும் முனையை மட்டும் அறுத்தெடுத்துப் பிளந்து, மழை படாத இடத்தில் காயப் போடச் சொல். சுவரோடு சாய்த்து அடுக்க வேண்டாம், ஜன்னல் சட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. பஞ்சான மிச்சத்தைத் தக்காளிப் பாத்திக்குப் பக்கத்தில் போடலாம். பாத்திக்குள் கலந்துவிடாதே, நைதரசன் தேடி அது தக்காளியோடு போட்டிக்கு வரும்.